இன்னும் ஒரு கரண்டி

தாய்ப்பூனை யாரிடமும் அனுமதி கேட்பதில்லை. அடுக்குமாடிக் குடியிருப்பின் மோட்டார் ரூமுக்குப் பின்னால், பழைய பெயின்ட் டப்பாக்களுக்கும் யாரோ கழற்றிப் போட்ட வாஷ்பேசினுக்கும் நடுவே ஓர் இடத்தைப் பார்த்துவைத்துக்கொண்டு, குட்டிகளை ஒவ்வொன்றாகக் கழுத்தில் கவ்விக் கொண்டுவந்து சேர்த்துவிடும். அசோசியேஷன் கூட்டத்தில் இதைப் பற்றித் தீர்மானம் வருவதற்குள் வேறு இடத்துக்குக் குடிபெயர்ந்தும் விடும். இந்தக் குடிபெயர்வில் எப்படியோ ஒரு குட்டி பாக்கி நின்றுபோகும். அதைக் கண்டெடுப்பதற்கென்றே சென்னையின் ஒவ்வொரு குடியிருப்பிலும் ஒருவர் இருக்கிறார்.

பார்த்த மாத்திரத்தில் அவர் சொல்வது: "ஐயோ, வயிறு ஒட்டிக் கெடக்கே!" வயிறு ஒட்டியிருக்கிறதா, உப்பியிருக்கிறதா என்பது இதில் சம்பந்தப்படாத விஷயம். தாய் எங்கோ அருகில்தான் இருக்கும். ஆள் நடமாட்டம் அடங்கினால் ஓரிரு மணி நேரத்தில் திரும்பிவந்து மிச்சத்தையும் தூக்கிக்கொண்டு போகக்கூடும். குட்டி சூடு குறையாமல் தூங்கிக்கொண்டிருந்தால், தள்ளி நின்று காத்திருப்பதுதான் முறை. ஆனால் காத்திருப்பது அவருடைய ஜாதகத்தில் இல்லை. லிஃப்ட் வருவதற்குக்கூட நிற்காமல் படியேறி, ஃபிரிட்ஜைத் திறந்து, ஹார்லிக்ஸ் பாட்டில் மூடி நிறையப் பால் ஊற்றிக்கொண்டு, சிந்தாமல் இறங்கி வந்துவிடுவார். மூச்சிரைப்பு அடங்குமுன் அடுத்த வாக்கியமும் வந்துவிடும்: "இது பத்தாது."

இந்த மனிதரைப் புரிந்துகொள்ள அவர் பார்த்த உத்தியோகம் தெரிய வேண்டும். ஏதோ ஓர் அரசு அலுவலகத்தின் ஸ்டோர்ஸ் பிரிவில் முப்பத்துச் சொச்சம் வருஷம் இருந்தவர். கேட்டவருக்குக் கேட்ட பொருளைக் கொடுக்காமல் இருப்பதுதான் அங்கே வேலை. "ஸ்டாக் இல்லை", "இன்டென்ட் சரியில்லை", "போன மாசம்தானே ஒரு டஜன் வாங்கினீங்க" என்று மூன்று பதிலை வைத்துக்கொண்டு ஓய்வு வரைக்கும் ஓட்டியவர். எந்த இன்டென்ட் வந்தாலும் எழுதியிருப்பதில் பாதியை வெட்டிவிட்டுத்தான் கையெழுத்துப் போடுவார். இது தெரிந்து ஊழியர்கள் வேண்டியதைப்போல் இரண்டு மடங்கு எழுதிக் கேட்பார்கள். அது அவருக்கும் தெரியும். அரசு இயந்திரம் அப்படித்தான் சுமுகமாக ஓடிக்கொண்டிருந்தது. அத்தனை வருஷம் அடக்கிவைத்த தாராளம் முழுக்க ஓய்வூதியத்தோடு சேர்ந்து வெளியே வந்தபோது, எதிரே வந்து நின்றது அந்தக் குட்டி.

பூனை என்றால் பால் என்பது நமக்கு ரத்தத்தில் ஊறிய கணக்கு. கம்பரே தம் அவையடக்கத்தில், பாற்கடல் முழுவதையும் நக்கித் தீர்க்கப் புகுந்த பூனை என்று தம்மைச் சொல்லிக்கொண்டார். அவர் பணிவுக்குச் சொன்னதை நம் ஆள் உணவுப் பட்டியலாக எடுத்துக்கொண்டுவிட்டார். இன்னொரு பக்கம் தெனாலிராமன். ராயர் வீட்டுக்கு வீடு பூனையும் பசுவும் கொடுத்து வளர்க்கச் சொல்ல, இவன் முதல் நாளே கொதிக்கக் கொதிக்கப் பாலை வைத்துப் பூனையின் நாக்கைச் சுட்டுவிட்டான். அப்புறம் அது பாலைக் கண்டாலே ஓட்டம் பிடித்தது. கதையில் அவன் பூனையைக் குறும்புக்காக இளைக்க வைத்தவன். வயிற்றின் பக்கம் நின்று பார்த்தால், மற்ற வீட்டுப் பூனைகளைவிட அந்தப் பூனைக்குத்தான் பேதி குறைவாக இருந்திருக்கும். பூனையின் பாலில் இருக்கும் புரதம் பசும்பாலில் இருப்பதைப்போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு. பாலில் உள்ள சர்க்கரையைச் செரிக்கும் சக்தியும் குட்டி வளர வளரக் குறைந்துகொண்டே போகும். ஆக, பசும்பால் குட்டிக்குப் போதவும் போதாது, ஒத்தும் வராது. ஒரு கைக்குள் அடங்குகிற உடம்பில் இரண்டு நாள் பேதி என்பது சின்ன விஷயமில்லை.

இதையெல்லாம் அவருக்குச் சொன்னது மூன்றாம் மாடிப் பெண். வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியில் படிக்கிறாள். அந்தக் கல்லூரி 1903-இல் தொடங்கியது. யானைக்கும் குதிரைக்கும் வைத்தியம் பார்க்கக் கற்றவர்கள் அங்கிருந்து வந்திருக்கிறார்கள். ஓய்வுபெற்ற ஸ்டோர் கீப்பரைச் சமாளிப்பது மட்டும் இன்னும் பாடத்திட்டத்தில் ஏறவில்லை போலிருக்கிறது.

"கண்ணு திறந்திருக்கா அங்கிள்?"

"திறந்து என்னையே பார்க்குதும்மா."

"பல்லு?"

"பல்லு எதுக்கு? முறுக்கா சாப்பிடப் போகுது?"

அவள் சுண்டுவிரலால் வாயைத் திறந்து பார்த்தாள். கண் ஒன்றிரண்டு வாரத்துக்குள் திறந்துவிடும். முன்பல் எட்டிப் பார்த்தால் மூன்று வாரம் ஆகியிருக்கும். சமையலறைத் தராசில் பிளாஸ்டிக் டப்பாவை வைத்து அதற்குள் குட்டியை விட்டார்கள். அது ஆடி அடங்கியபோது 310 கிராம் காட்டியது.

"100 கிராம் எடைக்கு ஒரு வேளைக்கு 4 மில்லி. அப்ப இதுக்கு 12 மில்லி. நாலு மணி நேரத்துக்கு ஒரு தரம் கொடுங்க. பெட் ஷாப்ல குட்டிங்களுக்குன்னே பால் பவுடர் இருக்கு, அதைக் கரைச்சு, வெதுவெதுப்பா."

"12 மில்லியா? நான் குடிக்கிற கஷாயமே 30 மில்லிம்மா."

"நீங்க எழுபது கிலோ அங்கிள்."

அவர் கொஞ்சம் யோசித்தார். பிறகு கேட்டார்: "இந்த 12 மினிமமா, மேக்ஸிமமா?"

இந்தக் கேள்விதான் இந்த ஜாதி மனிதர்களின் அடையாளம். உலகத்தில் யார் எந்த அளவைச் சொன்னாலும் அது அவர்கள் காதில் குறைந்தபட்சமாகவே விழும். டாக்டர் சொன்னால் டாக்டர் கஞ்சன். பாக்கெட்டில் அச்சிட்டிருந்தால் கம்பெனிக்காரன் ஏதோ பயந்துபோய்க் குறைத்துப் போட்டிருக்கிறான். ஆறு வேளைக்கும் 12 மில்லி வீதம் சரியாகக் கரைத்துவிட்டு, கடைசியில் "கண்ணு படாம இருக்க" என்று இன்னும் ஒரு கரண்டி ஊற்றினால்தான் கை நிற்கும். அந்த ஒரு கரண்டி 5 மில்லி. குட்டியின் இரைப்பைக்கு அது அரை விருந்து.

சிரமம் ஊட்டும் விதத்திலும் இருந்தது. அவர் குட்டியை மடியில் மல்லாக்கப் போட்டு, தலையைத் தாங்கி, பேரனுக்குச் சங்கில் புகட்டுகிற பாணியில் ஆரம்பித்தார். அந்தப் பெண் பாய்ந்து வந்து திருப்பிப் போட்டாள். பூனைக்குட்டி குப்புறப் படுத்துத்தான் தாயிடம் குடிக்கும். மல்லாந்தால் பால் நுரையீரலுக்குப் போய்விடும். ஊசி கழற்றிய சிரிஞ்சால் துளித் துளியாகக் கொடுக்க வேண்டும். உடம்பு சில்லிட்டிருந்தால் முதலில் துணியில் சுற்றிச் சூடேற்றிவிட்டுத்தான் பால், ஏனென்றால் குளிர்ந்த வயிறு எதையும் செரிக்காது. குடித்த பிறகு வெதுவெதுப்பான ஈரப் பஞ்சால் கீழே மெல்லத் துடைத்துவிட வேண்டும். அந்த வயதுக் குட்டிக்குத் தானாகச் சிறுநீர் போகத் தெரிந்தும் தெரியாமலும் இருக்கும், தாய் நக்கிவிடுகிற வேலை அது.

இதையெல்லாம் அவர் முகம் சுளிக்காமல் செய்தார். விடியற்காலை இரண்டு மணிக்கு அலாரம் வைத்து எழுந்து, பவுடர் கரைத்து, புறங்கையில் ஒரு சொட்டு விட்டுச் சூடு பார்த்தார். படுக்கையறையிலிருந்து ஒரு குரல் மட்டும் வந்தது.

"எனக்கும் ரெண்டு பிள்ளைங்க பொறந்துச்சு. ஒரு ராத்திரி எழுந்திருப்பீங்களா நீங்க?"

"அப்ப எனக்கு ஆபீஸ் இருந்துச்சு."

"எனக்கு சுகர் மாத்திரை எத்தனை மணிக்குன்னு சொல்லுங்க பார்ப்போம்."

அவர் குட்டிக்கு ஏப்பம் விடவைப்பதில் மும்முரமாக இருந்ததால் இது காதில் விழவில்லை.

பிறகு ரெஜிஸ்டர் வந்தது. அது இல்லாமல் இந்த ஆள் எப்படி? நீளமான கோடு போட்ட நோட்டு. தேதி, நேரம், பொருள், வழங்கிய அளவு, கிண்ணத்தில் இருப்பு, எடை. கடைசிக் கட்டம் 'பெற்றுக்கொண்டவர் ஒப்பம்'. அந்தக் கட்டம் காலியாகவே கிடப்பது அவருக்கு உள்ளுக்குள் உறுத்தத்தான் செய்தது. எடைக் கட்டத்தைப் பார்க்கும்போது மட்டும் முகம் மலர்ந்துவிடும். நன்றாக இருக்கும் குட்டி நாளுக்கு 10, 15 கிராம் கூடும். அகவிலைப்படிகூட ஆறு மாசத்துக்கு ஒரு தரம்தான் ஏறுகிறது, இங்கே தினமும் உயர்வு. கீழே வாட்ச்மேனைக் கூப்பிட்டுச் சொல்லாமல் அவரால் இருக்க முடியவில்லை.

நாலு வாரத்தில் பாலோடு கூழாகக் கரைத்த உணவைத் தட்டில் வைத்துப் பழக்கினார்கள். குட்டி அதற்குள் நடந்துபோய் நாலு காலிலும் மீசையிலும் பூசிக்கொண்டது. எட்டு வாரத்தில் பால் நிறுத்தம். அப்போதுதான் இந்த வீட்டில் உண்மையான சோதனை தொடங்கியது, ஏனென்றால் இது முட்டைகூட நுழையாத வீடு.

தயிர்சாதம் போட்டால் போதாதா என்று அவர் வாதாடித்தான் பார்த்தார். "நம்ம பழக்கத்துக்கு வந்துடும்மா, குழந்தைதானே." பூனை வராது. அதன் உடம்புக்கு டாரின் என்று ஒரு சத்து வெளியிலிருந்து வந்தே ஆகவேண்டும், அது இறைச்சியிலும் மீனிலும்தான் உண்டு. 1987-இல் அமெரிக்காவில், டேவிஸில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகக் கால்நடை மருத்துவர்கள் இது குறைந்தால் பூனையின் இதயத் தசையே தளர்ந்துபோகிறது என்று கண்டுபிடித்தார்கள். அதுவும் கடையில் விற்ற பூனை உணவையே தின்று வந்த பூனைகளுக்கு. அதற்குப் பிறகுதான் கம்பெனிகள் அதைக் கூடுதலாகச் சேர்க்க ஆரம்பித்தன. கலிஃபோர்னியாவில் உள்ளவர்களுக்கே இவ்வளவு சிரமம் என்றால், தயிர்சாதம் எந்த மூலைக்கு?

ஆக, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நம் ஆள் வாழ்க்கையில் முதல் தடவையாக மீன்கடைக்குப் போனார். துணிப்பைக்குள் இன்னொரு துணிப்பை. தெருவின் எதிர்ப்பக்கமாகவே நடந்து, கடைக்கு நேரே வந்ததும் குறுக்கே பாய்ந்தார். யாரும் கேட்பதற்கு முன்பே, வரிசையில் நின்ற எல்லாருக்கும் கேட்கும்படி, "இது பூனைக்கு" என்றார்.

மீன்காரம்மா அரிவாள்மனையிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை. "அல்லாரும் மொத தபா அப்டித்தான் சார் சொல்றாங்கோ."

"நெசமாவே பூனைம்மா. குட்டி. ரெண்டு மாசம்."

"சரி சார், சரி. கொழம்புக்கா, வறுவலுக்கா?"

கால் கிலோ மத்தி வாங்கிக்கொண்டு லிஃப்ட்டில் ஏறியவர், உள்ளே அசோசியேஷன் செயலாளர் நிற்பதைக் கதவு மூடிய பிறகுதான் கவனித்தார். செயலாளர் பையைப் பார்த்தார், மூக்கை ஒரு தரம் உறிஞ்சினார், ஒன்றும் பேசவில்லை. மறுநாளிலிருந்து அவர் இவரிடம் காட்டிய பிரியமே தனி. அடுத்த ஞாயிறு, படியில் தனியாக மடக்கிக் குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "சார், வஞ்சிரம் எந்தக் கடையில நல்லா இருக்கும்?"

மத்தியை வேகவைப்பதற்குப் பால்கனி ஒதுக்கப்பட்டது. பழைய இண்டக்ஷன் அடுப்பு, சிவப்பு நூல் கட்டி அடையாளம் போட்ட ஒரு பாத்திரம். உப்பு, காரம், மஞ்சள் எதுவும் வேண்டாம், முள் எடுத்துவிட வேண்டும், வெங்காயமும் பூண்டும் கிட்டேயே வரக்கூடாது, பூனையின் ரத்த அணுக்களை அவை சிதைத்துவிடும் என்று அந்தப் பெண் எழுதியே கொடுத்திருந்தாள். அவர் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார். "உப்பில்லாம எப்படிம்மா எறங்கும்?" என்ற கேள்வியை மட்டும் கிண்ணம் வைக்கும் ஒவ்வொரு வேளையும் கேட்டார். தன் நட்சத்திரப் பிறந்தநாளன்று பால்பாயசமும் வைத்தார். குட்டி மோந்து பார்த்துவிட்டு நகர்ந்துபோனதில் அவருக்கு வருத்தம். வருத்தப்பட ஒன்றுமில்லை. பூனை இனத்துக்கு இனிப்பை உணரும் மரபணு செயலற்றுப்போய்விட்டது என்று 2005-இல் கண்டறிந்திருக்கிறார்கள். புலிக்கும் சிவிங்கிப்புலிக்கும்கூட அதே கதிதான். ஏலக்காயும் முந்திரியும் யாருக்காக அங்கே மிதந்தனவோ!

மீன் மட்டுமே தின்று வளரவும் முடியாது என்பதால் குட்டிகளுக்கான உணவுப் பாக்கெட்டும் வந்தது. அதன் முதுகில் எடைக்கு ஏற்ற அளவு அட்டவணையாக இருக்கும். முக்கால் கிலோக் குட்டிக்கு நாளொன்றுக்குச் சுமார் 40 கிராம், நாலு வேளையாகப் பிரித்து. மூன்று மாதம் தாண்டினால் மூன்று வேளை, ஆறு மாதத்துக்குப் பிறகு இரண்டு போதும். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வாசித்தவர் நேராகக் கடைசி வரிசைக்குப் போனார். "எப்படியும் அந்த எடைக்குத்தானே போகப் போகுது? அட்வான்ஸாக் கொடுத்தா என்ன?"

நியாயமாகச் சொன்னால், குட்டிக்கு நிறைய வேண்டும் என்பதில் அவர் கட்சி தவறில்லை. உடல் எடைக்குக் கணக்குப் போட்டால் பெரிய பூனையைப்போல் இரண்டு மூன்று மடங்கு சக்தி குட்டிக்குத் தேவை. ஆனால் அந்த வயிறு ஒரு தடவைக்கு ஏற்பது மிகக் கொஞ்சம். காட்டில் திரியும் பூனையே எலி, ஓணான், தத்துக்கிளி என்று ஒரு நாளைக்குப் பத்துத் தடவைக்கு மேல் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் தின்கிறது. வாழை இலை விரித்து, மோர் வரைக்கும் உட்கார்ந்து சாப்பிடும் வழக்கம் பூனை குலத்துக்கே கிடையாது. நம் ஆளுக்கோ இலையில் மிச்சம் விழாத சாப்பாடு சாப்பாடே இல்லை.

தின்று முடித்த குட்டி சும்மா இருந்ததா? மாமல்லபுரம் அர்ச்சுனன் தபசுச் சிற்பத்தில் கீழே ஒரு பூனை பின்னங்காலில் நின்று, முன்னங்கால்களைத் தலைக்கு மேல் தூக்கித் தவம் செய்துகொண்டிருக்கும். சுற்றி எலிகள் நம்பிக்கையோடு விளையாடும். அந்த வித்தை இந்தக் குட்டிக்கும் பரம்பரையில் இறங்கியிருந்தது. ஒரு சாயங்காலம் சந்தேகப்பட்டு அவர் பின்தொடர்ந்தபோது, அது முதல் மாடியில் 'புஜ்ஜி'யாகி நெத்திலி தின்றது, தரைத்தளத்தில் 'அம்மு'வாகி முட்டையின் மஞ்சள் கரு தின்றது, வாட்ச்மேனிடம் 'டேய்'யாகி வறுக்கியைப் பால் டீயில் நனைத்துத் தின்றது. எல்லார் வாசலிலும் அதே ஒட்டிய முகம், அதே பட்டினிக் குரல். எல்லாரும் சொன்ன வாக்கியமும் ஒன்றுதான்: "பாவம், இதுக்கு நம்மளை விட்டா யாரு?"

ஒருமுகப்படுத்தப்பட்ட வழங்கல் முறை வேண்டும் என்று அவர் கொண்டுவந்த யோசனை ஒரே நாளில் தோற்றது. தன் பங்கை விட்டுக்கொடுக்க யாருக்கும் மனமில்லை. அப்புறம் அவருக்கே பயம் வந்துவிட்டது. மற்றவர்கள் நிறுத்திவிட்டால்? முன்னெச்சரிக்கையாகத் தன் அளவைக் கூட்டிவிட்டார்.

இரண்டரை மாதத்தில் குட்டி உருண்டையாகியிருந்தது. வயிறு மட்டும் முன்னே நடக்கும், மற்றது பின்னால் வரும். அந்த வயிற்றை அவர் தம் பணிக்காலச் சாதனை எதற்கும் கொடுக்காத பெருமையோடு எல்லாருக்கும் காட்டினார். ரெஜிஸ்டரில்தான் ஏதோ இடித்தது. ஒரு வாரமாக எடை ஏறவில்லை. முடி மங்கிச் சிலிர்த்திருந்தது. அவர் தமக்குத் தெரிந்த ஒரே வைத்தியத்தை, அதாவது வேளைக்கு இன்னும் ஒன்று என்பதை, நாலு நாள் செய்து பார்த்தார். பிறகு மனைவியே ஆட்டோ பிடித்தார்.

டாக்டர் வயிற்றை அமுக்கிப் பார்த்தார். "ஒரு நாளைக்கு என்ன கொடுக்கறீங்க?"

இதற்காகவே பிறந்தவர் ரெஜிஸ்டரை மேசைமேல் வைத்தார். டாக்டர் பக்கம் பக்கமாகப் புரட்டினார். நடுவில் நிறுத்திக் கேட்டார்: "இது ஒரு பூனைக்கா?"

"ஒண்ணுதான் சார்."

"வயித்துல புழு இருக்கு. தாய்ப்பால்லயே வந்திருக்கும். மூணு வாரத்துலயே மருந்து ஆரம்பிச்சிருக்கணும். எடை பார்த்துக் கொடுக்கறேன், ரெண்டு வாரம் கழிச்சு மறுபடியும் வாங்க."

"அப்ப இந்த வயிறு?"

"புழுதான்."

"நான் போட்டதெல்லாம்?"

"அதுல பங்கு கேட்க உள்ள ஆள் இருந்திருக்கு சார்."

அருவருப்பு, கவலை, குற்ற உணர்ச்சி எதுவும் அவர் முகத்தில் முதலில் வரவில்லை. முப்பது வருஷ ஸ்டோர் கீப்பரின் ஆத்திரம்தான் வந்தது. "ரெஜிஸ்டர்ல பேரே இல்லாம எடுத்திருக்காங்க, பாருங்க!"

டாக்டர் மருந்தைச் சிரிஞ்சில் எடுத்தபடி, "இனிமே கொடுக்கறதுல பாதி போதும்" என்றார். மனைவி அதை இரண்டு தரம் சொல்லவைத்துக் கேட்டுக்கொண்டார். அவரும் தலையாட்டினார், பேனாவைத் திறந்து 'பாதி' என்று எழுதி அடிக்கோடும் போட்டார்.

மறுநாள் காலை கிண்ணத்தைப் பார்த்த மனைவிக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை.

"ஏங்க, டாக்டர் பாதின்னாரே?"

"பாதிதான்" என்றார் அவர், கரண்டியை வழித்தபடி. "கொடுத்ததுல பாதி இல்லை. கொடுக்க நினைச்சதுல பாதி."